மழை பெய்யாத தேதி

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்தேன். மேலே தகரப் புனல், கீழே கண்ணாடிப் போத்தல், அதன் பக்கவாட்டில் கோடு போட்டு ஒட்டிய தாள். நூலகத்தில் கிடைத்த வானிலைப் புத்தகம் சொன்னபடி, தினமும் காலை எட்டு மணிக்கு அளந்து, அன்றைய தேதிக்கு நேரே எழுதி, தண்ணீரைக் கொட்டிவிடுவேன். காய்ச்சலிலும் தவறியதில்லை. அப்பாவை அடக்கம் செய்த நாளுக்கு நேரே ‘தூறல்’ என்று இருக்கிறது.

இப்படி அளக்க ஒரு காரணமும் இருந்தது. வானொலி அறிக்கையில் எங்களுக்கென்று தனி வானம் கிடையாது. ‘புதுவை’ என்றால் நாங்களும் அதில் அடக்கம். புதுவையோ பேருந்தில் நாலு மணி நேரம். அங்கே வெயில் என்றால் இங்கே முழங்கால் தண்ணீரில் நின்றபடி நாங்களும் வெயிலில் இருந்தோம். மேகங்களுக்கு ஆட்சிப் பகுதி தெரியாது என்பதை யாரும் மேலிடத்துக்கு எழுதிப் போடவில்லை.

பதினோரு வருடப் பதிவு சேர்ந்திருந்தபோது தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் பிரான்சில் வேலை. நவம்பர் நடுவில்தான் வருவார்; மூன்று வாரத்தில் திரும்ப வேண்டும். மாதக் கடைசியில் திருவருகைக் காலம் தொடங்கிவிடும். அப்புறம் கிறிஸ்துமஸ் முடியும்வரை கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆக, கர்த்தரும் பிரெஞ்சுக் கம்பெனியும் சேர்ந்து எங்களுக்கு ஒதுக்கியது அடைமழைக் காலத்தின் நட்டநடுவில் சில நாட்கள்.

தங்கை கேட்டது ஒன்றே ஒன்று. “வீட்டுக்குள்ள பந்தி பந்தியா வேணாண்ணே. தெருவுல பந்தல் போட்டு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். திரும்ப எப்ப பாப்பேனோ.”

நோட்டைப் புரட்டினேன். அந்த நாட்களுக்குள் ஒரே ஒரு தேதிக்கு நேரே பதினோரு வருடமும் பூஜ்யம். எந்தத் தேதி என்று இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் குடும்பத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் சொல்தா என்பார்கள். நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

“பிரான்சுலயும் ரேடியோவுல மெத்தியோன்னு தெனம் வானிலை சொல்வான் தம்பி. பாதி நாள் தப்பாத்தான் இருக்கும்.”

“அப்புறம் எதுக்குங்க கேக்குறது?”

“கேட்டுட்டுக் குடைய எடுத்துட்டுப் போவோம்ல.”

காலநிலை என்பது பல வருடச் சராசரி என்றும், வானிலை என்பது அன்றன்று நடப்பது என்றும், முதலாவது தெரிந்தவன் இரண்டாவதற்குப் பயப்பட வேண்டாம் என்றும் அவருக்கு விளக்கினேன். கடைசிப் பகுதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. பந்தல்காரர் கீற்று வேயலாம் என்றார். துணியே போதும் என்றேன்.

கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்குப் போத்தல் காலி. பூஜ்யம் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பட்டினச்சேரியிலிருந்து வழக்கமாக மீன் கொண்டுவரும் அம்மாள் வெறுங்கூடையோடு வந்து நின்றார்.

“மீன் இல்ல தம்பி. காத்து கெழக்கே கொண்டலுக்குத் திரும்பிருச்சு, ஒரு கட்டுமரம் கடலுக்குப் போவல. தெருவுலயா பந்தல் போட்டிருக்கீங்க?”

“பதினோரு வருஷமா இந்தத் தேதியில மழை இல்லம்மா.”

“அது அந்தக் காத்துக்குத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாலைத் திருப்பலிக்குச் சம்பந்தி கறுப்புக் குடையோடு வந்தார். வானத்தில் பெரிய மேகம் இல்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பந்தலில் எல்லாரும் தங்கை கேட்டபடியே ஒன்றாக உட்கார்ந்து, பிரியாணி இலைக்கு வந்த நேரத்தில், கிழக்கிலிருந்து வந்தது. துணி முதலில் வயிறு வைத்துத் தொங்கியது, பிறகு பிரசவித்தது. அண்டாவுக்குள் எத்தனை மில்லிமீட்டர் விழுந்தது என்று நான் அளக்கவில்லை. எழுந்து போனவர்கள் போக மிச்சப் பேரை வீட்டுக்குள் பந்தி பந்தியாக உட்கார வைத்தோம். வாசலில் சம்பந்தி பெண்ணுக்குக் குடை பிடித்தபடி நின்றார். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

தெருவில் தண்ணீர் நின்றதால் பெண்ணும் மாப்பிள்ளையும் அன்று எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு மாடியேறினேன். போத்தல் நிரம்பி வழிந்திருந்தது. எழுதிக்கொண்டிருந்தபோது தங்கை பின்னால் வந்து நின்றாள்.

“நேத்து சாயங்காலம் பேஞ்ச மழைய இன்னிக்குத் தேதியிலயா எழுதுறீங்க?”

“எட்டு மணிக்குத்தானே அளக்குறேன்.”

“அப்ப வருஷா வருஷம் இப்படித்தானா?”

அவளே நோட்டைப் பிடுங்கிப் புரட்டினாள். அடுத்த தேதிக்கு நேரே, பதினோரு வருடத்தில் எட்டு வருடம் நல்ல மழை; எல்லாம் முதல்நாள் எட்டு மணிக்கு மேல் பெய்தது. பதிவில் பிழையே இல்லை. அதை எழுதியவனுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

முதல்நாள் பூஜ்யத்தை அடிக்கப் பேனாவைத் திறந்தேன். அவள் கையைப் பிடித்தாள்.

“விடுங்கண்ணே. என் கல்யாணத்தன்னிக்கு மழையே இல்லன்னுதான் அங்க போயி சொல்லப்போறேன். கேட்டா நோட்டு இருக்குல்ல.”

அடிக்கோட்டோடு அது அப்படியே இருக்கிறது. பன்னிரண்டு வருடம், பன்னிரண்டு பூஜ்யம்.