சாயம் பூசிய விதை

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷத்தில் எனக்கு உளவு பார்க்கும் வேலை கிடைத்தது. கொடுத்தவர் அப்பா. நான் கண்காணிக்க வேண்டியிருந்தது, அடுத்த காட்டுக்காரரும் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணனுமான பெரியப்பாவை.

சத்தியமங்கலத்துக்குத் தெற்கே, வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டு நிலம் எங்களுடையது; அதைக் காடு என்றுதான் சொல்வோம். கம்பும் சோளமும் விளைந்த மண்ணில் அப்போது கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம் மட்டும்தான் விதைத்தோம். அந்தப் புரட்டாசியில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்த மழை, அதன் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு காட்டிலும் முதலில் போட்ட விதை மண்ணுக்குள்ளேயே வெந்துபோனது. இனி நல்ல மழை பெய்தால் பார்க்கலாம் என்று பெரியப்பா காட்டை உழுது சும்மா போட்டுவிட்டார். அப்பாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு தூறலை நம்பி மறுபடியும் விதைத்தார். கடையில் வாங்கிய விதை அது. மருந்தில் புரட்டி, ரோஜா நிறச் சாயம் ஏற்றியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவும் நானும் உழவுச் சாலில் விதை போட்டோம். சிவந்த விரல்களைப் பள்ளியில் மருதாணி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தத் தூறலோடு மழை நின்றது. நாலைந்து நாளில், இரண்டு காட்டுக்கும் நடுவிலுள்ள வரப்பில் இரண்டு பெண்மயில்கள் செத்துக் கிடந்தன.

மயிலைக் கொன்றால் ஜெயில் என்பது எனக்கே தெரியும். அப்பா யாருக்கும் சொல்லாமல் அவற்றைப் புதைத்தார். அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணன் வேலைதான் இது. மயிலுத் தொல்லைக்கு ஏதாச்சும் பண்ணோணும்னு டீக்கடைல பேசிட்டிருந்தாரு. வெசத்த வெச்சுப்போட்டு நம்ம தலைல கட்டப் பாக்கறாரு."

அம்மா விடிவதற்குள் மில் வேனில் வேலைக்குப் போய்விடுவார். எனக்குத் தலை பின்னிவிடுவது பெரியம்மாதான். அதனால் அந்த வீட்டுக்குள் போகவர எனக்குத் தடையில்லை. மாட்டுக் கொட்டகையில் ஒரு வெள்ளைப் புட்டி இருக்கிறது என்று முதல் தகவல் கொடுத்தேன். அது மாட்டுக்குக் கொடுக்கும் சத்து மருந்து என்று பிறகு தெரிந்தது. பெரியப்பா ஒரு நாள் தனியாக வரப்பில் நின்று எங்கள் காட்டையே பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார்.

பெரியம்மா பின்னலை இறுக்கியபடி கேட்பார், "உங்கப்பன் எங்களப் பத்தி என்ன கண்ணு பேசறான்?" என் கையில் அவர் கொடுத்த முறுக்கு இருக்கும். அப்பா பேசியதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். அவர்களுக்கு அப்பாமேல் சந்தேகம். இரண்டு வீடும் என் ஒரே வாயிலிருந்து சேதி வாங்கிக்கொண்டிருந்தன.

அடுத்த வாரம் இன்னும் ஐந்து மயில்கள் செத்தன. யார் சொன்னார்களோ, வனத்துறைக்காரர் ஒருவர் கால்நடை மருத்துவரோடு வந்துவிட்டார். அவரைக் கூப்பிட்டது அண்ணன்தான் என்று அப்பா நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. எதிரே பெரியப்பாவும் அதே பார்வைதான் பார்த்தார்.

மருத்துவர் ஒரு மயிலின் இரைப்பையை அறுத்தார். உள்ளே ரோஜா நிற மக்காச்சோளம்.

"யாரும் வெசம் வெக்கலீங்க. வெதையில இருக்கற மருந்துதான். முளைக்காமக் கெடந்தத நோண்டித் தின்னிருக்குது" என்றார்.

"யாரு காட்டு வெதைங்க?" என்றார் வனத்துறைக்காரர்.

பதில் தெரிந்தும் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"எங்க காட்டுதுங்க சார். நானே போட்டனுங்க."

அப்பாவின் முகம் வெளுத்தது. பெரியப்பா சட்டென்று முன்னால் வந்தார். "சின்னப் புள்ளைக்கு என்னங்க தெரியும்? நானுந்தானுங்க ரெண்டாந்தரம் வெதைச்சேன். அதே கடை, அதே வெதை. எந்தக் காட்டுல தின்னுச்சுன்னு யாருங்க சொல்றது?"

முளைக்காத காடும் விதைக்காத காடும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. வனத்துறைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். விதையை ஆழமாக மூடிப் போடச் சொல்லி, எச்சரித்துவிட்டுப் போனார். அண்ணனும் தம்பியும் சேர்ந்தே மயில்களுக்குக் குழி தோண்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஓடினேன். "பெரியப்பா பொய் சொன்னாருங்கப்பா! அவரு ரெண்டாந்தரம் வெதைக்கவே இல்ல. நான்தான் தெனமும் பாத்தனே!"

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், ஒரு வாய்கூட உண்ணவில்லை. "இனிமே அங்க போயி எதையும் பாக்க வேண்டாம் கண்ணு" என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் வேலையை நான் விடவில்லை. அதிகாரி முன்னால் அவ்வளவு சரளமாகப் பொய் சொல்லக்கூடிய மனிதர், இதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. தை பிறக்கும்வரை பெரியப்பாவைக் கண்காணித்துக்கொண்டே இருந்தேன்.