எதிர்வீட்டுக்காரர் கொடுத்த வாக்கு

அபிராமபுரத்தில் எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்று ஒரு விதி உண்டு. அதைத் தட்டச்சு செய்து நோட்டீஸ் பலகையில் ஒட்டியவன், சங்கத் தலைவனான நான்தான். மீறியவனும் நான்தான்.

கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த வருடங்களில் மீன் பழகிப்போயிருந்தது. மனைவி இருந்தவரை வீட்டில் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அவள் போன பிறகு, காலையில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகும்போது வாங்கத் தொடங்கினேன். மீன்காரம்மா செதில் எடுத்து, துண்டு போட்டு, மூன்று கவர்களில் சுற்றித் தருவாள்.

"இன்னா சாமி, கீரக்கட்ட மேல வெச்சிக்கினியா? வூட்ல மாட்டிக்கப் போற!" என்று சிரிப்பாள்.

மத்தியானம் எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் ஜன்னல்களைச் சாத்தி, சாம்பிராணி போட்டுவிட்டுப் பொரிப்பேன்.

எதிர்வீட்டுக்கு ஓர் இஸ்லாமியக் குடும்பம் வந்தது. கணவருக்குத் தியாகராய நகரில் துணிக்கடை. அசைவம் சமைக்க மாட்டோம் என்று என் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்த பிறகுதான் சங்கம் சம்மதித்தது.

மூன்றாம் மாதம் கீழ்வீட்டுக்காரர் கூட்டம் கூட்டச் சொன்னார்.

"மாடிலேர்ந்து மீன் நாத்தம் குடலைப் பிடுங்கறது. ஆத்துல ஜன்னலைத் திறந்து வெச்சுண்டு உக்கார முடியல. யாருன்னு நான் வேற சொல்லணுமா?"

எல்லோரும் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

"சார், பிரியாணி சாப்பிடணும்னாகூட கே.கே. நகர்ல அக்கா வீட்டுக்குப் போறோம். பெருநாளைக்கே இங்க கறி ஆக்கல. நம்பலேன்னா சமையக்கட்டை வந்து பாருங்க" என்றார்.

"அலம்பி வெச்ச பாத்திரத்தைப் பாத்து என்ன பண்றது?" என்றார் கீழ்வீட்டுக்காரர்.

நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். தினமும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கும் இவர்கள் நாளை எப்படிப் பார்ப்பார்கள் என்பது ஒன்றே மனதில் ஓடியது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்தும் போட்டேன்.

சாமான் ஏற்றிய அன்று அவர் சொல்லிக்கொண்டு போக வந்தார்.

"உங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு தெரியும் சார். இந்த பில்டிங்குல எங்கள ஒரு வார்த்தை தப்பாப் பேசாதவர் நீங்க ஒருத்தர்தான். அன்னைக்கு உங்க முகத்தைப் பார்த்தேன். நீங்க எங்கள நம்பினீங்க."

அப்போதும் நான் சொல்லவில்லை. அவர் மனைவி படியில் காத்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு நான் மீன் வாங்கவே இல்லை. காரணம் பயம்தான், வருத்தம் என்று எழுதினால் அது இன்னொரு பொய். குடியிருப்பில் வாடை அடியோடு நின்றது. ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் என்னை நிறுத்தி, "பாத்தேளா மாமா, அவா போனதும் நின்னுடுத்து. அப்பவே சொன்னேனோல்லியோ?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.