கடைசியாக இறக்கிவிடச் சொன்ன பாப்பா

கொரோனா வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு நடந்தது. ஆவடியில் ஒரு சின்னப் பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேன் என்றால் பெரிய வண்டி இல்லை, என்னுடைய சொந்தப் பழைய ஆம்னி. பட்டாபிராம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் என் வண்டிதான். நான் எட்டாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. இதை மட்டும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

அந்த ஆம்னியை நினைத்தால் இப்போதும் அதன் வாசனை வருகிறது. எலுமிச்சை சாதம், சாக்ஸ், ரப்பர் எல்லாம் கலந்த வாசனை. பைகள் கூரை மேல். பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர். அப்போது மேம்பாலம் கிடையாது. ரயில்வே கேட் மூடினால் நிற்க வேண்டியதுதான். சில நாள் கூட்ஸ் வண்டியில் தார்ப்பாய் போட்டு மூடிய ராணுவ டாங்கிகள் போகும். டாங்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பையன் ஒருவன், "அது எங்கப்பா செஞ்சது" என்பான். இன்னொருவன், "உங்கப்பா கேன்டீன்லதானடா கீறாரு. உள்ள இட்லியா கீது?" என்பான். வண்டியே சிரிக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி. அப்பா அம்மாவுக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். இரண்டு பேருக்கும் ஐடி வேலை, வீட்டுக்கு வர இருட்டிவிடும். அதுவரை கீழ்வீட்டுப் பெரியவர் பார்த்துக்கொள்வார். தெருவில் எல்லோருக்கும் அவர் மேல் மரியாதை. வாசலிலேயே நிற்பார். நான் பாப்பாவின் கையைப் பிடித்து அவர் கையில் கொடுப்பேன். பிள்ளையை ஒரு கை வாங்காமல் நான் வண்டியை எடுத்ததே இல்லை. அதில் எனக்கு ஒரு பெருமை.

கேட் தாண்டியதும் முதல் ஸ்டாப் அவள் வீடுதான். மற்ற பிள்ளைகள் என்னை முதலில் இறக்கு என்று அடித்துக்கொள்ளும். இவள் மட்டும் காலாண்டு லீவு முடிந்து வந்ததிலிருந்து, "அங்கிள், என்னைக் கடைசியா இறக்கி விடுங்க" என்றாள். திரும்பும்போது வழிதானே என்று நானும் சரி என்றேன். எல்லோரும் இறங்கிய பிறகு முன் சீட்டில் வந்து உட்காருவாள். பேச மாட்டாள். பள்ளியிலிருந்து கிளம்பும்போது மட்டும், "கேட் மூடியிருக்குமா அங்கிள்?" என்று கேட்பாள். மூடியிருந்தால் அவள் முகம் தெளியும். டாங்கி பார்க்க ஆசை என்று நினைத்தேன். என் வண்டியில் இருக்கப் பிடிக்கிறது என்றும் நினைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மதியம் பெரிய மிஸ் கூப்பிடுகிறார் என்றார்கள். பெரிய மிஸ் என்றால் தலைமை ஆசிரியை. சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் பாப்பாவின் வகுப்பு மிஸ், சின்ன வயது. கதவைச் சாத்தினார்கள்.

"பாப்பாவ கடைசியா இறக்கறீங்களாமே? அவங்க வீடு முதல்லயே வருதுல்ல?"

கூட வரும் பிள்ளைகளிடம் விசாரித்திருக்கிறார்கள். கடைசி மணி அடிக்கும் நேரம் ஆனாலே பாப்பா வயிறு வலிக்கிறது என்று அழுவாளாம். ஒரு நாள் உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாளாம். காலையில் நன்றாகத்தான் இருப்பாளாம். கடைசி மணிக்குப் பிறகு அவள் பார்க்கும் முதல் ஆள் நான். வண்டியில் தனியாக இருப்பதும் என்னோடுதான். என்னைத்தான் சந்தேகப்படுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

"அதுவே கேக்குது மேடம். கடைசியா எறக்கி வுடுன்னு சொல்லுது" என்றேன்.

சின்ன மிஸ் நிமிர்ந்தார். "அவளேவா? எதுக்குன்னு சொன்னாளா?"

"இல்ல மேடம். கேட் மூடிகினு இருந்தா அதுக்கு குஷி. வூட்டுக்கு லேட்டா போலாம்ல."

சொல்லும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வீட்ல யார் கைல குடுக்கறீங்க?"

சொன்னேன்.

பெரிய மிஸ் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். "வண்டிச் சாவியக் குடுங்க. ரெண்டு நாள் வர வேணாம்."

கொடுத்தேன். அன்று என் வண்டியை பி.டி. சார் எடுத்தார். பள்ளி வாசலில் மற்ற வேன்காரர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். "இன்னா அண்ணாத்தே, ஸ்கூல் டூட்டி போய் லீவு டூட்டியா?" என்றான் ஒருவன். வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "நீ ஒண்ணும் பண்ணல இல்ல?"

அவளும் கேட்டுவிட்டாள். இல்லை என்றேன்.

"அப்போ சாப்புடு" என்று தட்டை வைத்தாள். அதைத் தள்ளி வைத்துவிட்டேன். இனி அந்தப் பள்ளி வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு நடந்தது பள்ளி ஆயா சொல்லித்தான் தெரியும். சின்ன மிஸ் பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, படம் வரைந்துகொண்டே ஒரு தடவைதான் கேட்டாராம். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டாராம். குடைந்து குடைந்து கேட்கவில்லை. நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பே இல்லை என்று மட்டும் சொன்னாராம். அந்தப் பெரியவர்தான் அவளிடம் தவறாக நடந்திருக்கிறார். என் சாவியை வாங்கிய அன்றே பாப்பாவை வண்டியில் ஏற்றவில்லை. அம்மாவைப் பள்ளிக்கே வரவழைத்து அவர் கையில் கொடுத்தார்கள்.

வெளியே தெரிந்தால் பிள்ளை வாழ்க்கை என்ன ஆவது என்று அப்பா அழுதாராம். பள்ளிப் பேர் கெடும் என்று நிர்வாகத்தில் ஒருவர் சொன்னாராம். "நான் போலீசுக்குப் போன் பண்ணியாச்சு. பண்ணாம இருந்தா நானும் குத்தவாளி" என்றாராம் பெரிய மிஸ். சீருடை போடாமல் ஒரு போலீஸ் அம்மா வந்து, தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். அந்த ஆளைக் கைது செய்தார்கள்.

இதைக் கேட்ட அன்று எனக்குக் கோபம் போய்விட்டது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் இந்தக் கைதான் அவளை அங்கே கொடுத்தது.

பெரிய மிஸ் மறுபடி கூப்பிட்டார். சாவியை மேஜை மேல் வைத்தார். "உங்களச் சந்தேகப்பட்டேன். அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். நாளைக்கு இன்னொரு புள்ள அழுதாலும் உங்களத்தான் மொதல்ல கேப்பேன்" என்றார். அப்புறம், "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். டீ குடித்தேன். மறுநாளிலிருந்து என் வண்டியில் ஓர் ஆயாவும் வந்தார். நல்லதுதான் என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தேன்.

பாப்பா கொஞ்ச நாள் பள்ளிக்கு வரவில்லை. அவர்கள் வீடு மாற்றினார்கள். அம்மா வீட்டிலிருந்தே வேலை செய்ய ஏற்பாடு செய்துகொண்டார். புது வீடு என் வழியில் நடுவில் வரும். திரும்பி வந்த முதல் நாள் கேட் மூடியிருந்தது. பின்னாலிருந்து குரல் வந்தது. "ஐயோ, எப்ப திறப்பாங்க அங்கிள்? என்னைத்தான் முதல்ல இறக்கி விடணும்!"

"போடி, நீ நடுவுலதான்" என்று பிள்ளைகள் கத்தின. கேட் திறந்ததும் சுற்றிக்கொண்டு போய் அவளைத்தான் முதலில் இறக்கினேன். அம்மா வாசலில் நின்றிருந்தார். ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள்.

கொரோனாவில் பள்ளி மூடியபோது ஆம்னியை விற்றுவிட்டேன். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். மேம்பாலத்தில் ஏறும்போது பழைய கேட் இருந்த பக்கம் கண் தானாகப் போகும். நான் அந்தப் பெரியவரைக் கேள்வி கேட்காமல் நம்பியது போல அந்த இரண்டு மிஸ்களும் என்னை நம்பி விட்டிருந்தால், அந்தப் பாப்பா இன்னும் எத்தனை நாள் கேட் மூடியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பாளோ.