முதல் நிரையில் இரண்டு முறை

என் ஆய்வு கட்டங்களைப் பற்றியது. குறுக்கே நிரைகள், நெடுக்கே நிரல்கள், உள்ளே பெயர்கள். ஒரே நிரையிலோ நிரலிலோ ஒரு பெயர் இரண்டு முறை வரக்கூடாது. எந்த இரண்டு நிரைகளை எடுத்தாலும் பொதுவான பெயர்களின் எண்ணிக்கை மாறக்கூடாது. நிரல்களுக்கும் அப்படியே, ஒரு நிரைக்கும் ஒரு நிரலுக்கும் அப்படியே. எண்கள் பொருந்திவிட்டால், ஒரு வகை அளவுகளில், ஒன்றைத் தவிர மற்றவற்றில் கட்டம் எப்போதும் அமையுமா என்பதற்கு இன்னும் விடையில்லை. அமையாது என்று உறுதியாகத் தெரிந்த அந்த ஒன்று, அவற்றில் மிகச் சிறியது: மூன்று நிரை, நான்கு நிரல், ஆறு பெயர். கணக்கெல்லாம் சரியாக வரும். கட்டம் வராது.

கொருக்குப்பேட்டையில் எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடுகள். வேலைகள் மூன்று: பொதுக் கழிவறை கழுவுவது, லாரித் தண்ணீர் பிடித்துத் தொட்டி நிரப்புவது, நடை பெருக்குவது. மாதத்துக்கு நான்கு வாரம், வீட்டுக்கு இரண்டு முறை. முறை யாருடையது என்று தினமும் சண்டை நடந்ததால் என்னிடம் வந்தார்கள். கேட்டது ஒன்றுதான்: ஒரு மாதத்தில் ஒரே வேலை ஒரு வீட்டுக்கு இரண்டு முறை வரக்கூடாது. அதற்குப் பத்து நிமிடம் போதும்.

ஆனால் மூன்று, நான்கு, ஆறு என்று பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு விதியை ஒரே ஓர் இடத்தில் தளர்த்தினால் மற்றவை எவ்வளவு நெருங்கும்? தளர்த்தினேன். கழிவறை நிரையில் ஒரு வீடு அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்தது. எந்த வீடு என்பதை நான்தான் தேர்ந்தெடுத்தேன். எங்கள் வீட்டை எழுதவில்லை. சண்டைக்கே வராத கடைசி வீட்டு அக்காவை எழுதினேன். அவர் காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவர்.

இரண்டாம் வாரம் தொட்டிக் குழாயடியில் அவர் விரல்களை நீரில் விட்டுக்கொண்டு நின்றார். மீன் முள் கிழித்த வெட்டுகளில் பிளீச்சிங் பவுடர் இறங்கி, ஓரமெல்லாம் வெளுத்திருந்தது.

“மறுபடியும் உங்க முறையாக்கா?” என்றேன், தெரியாதவள் போல.

“இன்னா பண்றது பாப்பா, என் கட்டம் அப்டி கீது.”

அவர் சொன்னது ஜாதகக் கட்டத்தை.

“உங்க கட்டம் இல்லக்கா. நான் போட்ட கட்டம். தெரிஞ்சேதான் உங்க பேரை ரெண்டு தடவை எழுதினேன்.”

குழாயை மூடினார்.

“அடுத்த மாசம் எங்க வீட்டுப் பேரை ரெண்டு தடவை எழுதிடறேன்.”

“நல்லா எய்து. கய்வறது யாரு? உங்கம்மாதான வரும்? நீ என்னிக்கி வெளக்கமாத்தத் தொட்டுகீற?”

சிரித்தபடிதான் கேட்டார். ஆறு வீடுகள் என்று எழுதினேனே தவிர, ஆறு பெண்கள் என்று ஒருமுறையும் எழுதிப் பார்த்ததில்லை.

“நாளைக்கு நான் கழுவறேன்க்கா.”

“வா, பாக்கலாம்.”

மறுநாள் காலை போனேன். தூளைக் கையாலேயே எடுத்துத் தூவித் தேய்த்தேன். அக்கா நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எரியுதா?” என்று கேட்டார்.

என் விரல்களில் ஒரு வெட்டும் இல்லை. எரியவில்லை.