மைனஸும் மைனஸும்

சேலத்துக் கல்லூரியில் நான் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்த வருஷம், இன்டர்மீடியட் மாணவர்களில் பாதிப் பேருக்கு அல்ஜீப்ரா வரவே இல்லை. அவர்களுக்கு அடிப்படையிலிருந்து தனி வகுப்பு எடுக்கிறேன் என்று பிரின்ஸிபாலிடம் கேட்டேன்.

"பள்ளிக்கூடப் பாடத்துக்குக் காலேஜில் இடம் கிடையாது" என்றார்.

எனக்குக் கொல்லிமலையில் இடம் இருந்தது. கோடை விடுமுறையில், வர விரும்பியவர்களை வளப்பூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா சாமைச் சோறு ஆக்கிப் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு மாணவன் தயங்கியபடி கேட்டான்.

"மைனஸை மைனஸால பெருக்குனா எப்படிங்க சார் பிளஸ் வரும்?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதே சந்தேகம்தான்.

"ஒருத்தன் மலை இறங்கிட்டிருக்கான். இறங்குறது மைனஸ். நாளைக்கு எங்க இருப்பான்?"

"இன்னும் கீழங்க."

"நாளைன்னா பிளஸ், நேத்துன்னா மைனஸ். அவன் நேத்து எங்க இருந்திருப்பான்?"

மாணவன் கையைச் சரிவாகப் பிடித்து மேலே நகர்த்திப் பார்த்தான். "மேலங்க சார், பிளஸ்" என்று சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்துவிட்டது. இந்த வகுப்பு தேறிவிடும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

விடுமுறைக்குப் பின் வந்த பரீட்சையில் அவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். பிரின்ஸிபால் என்னைக் கூப்பிட்டு, காலையில் முதல் மணி அடிக்கும் முன்னால் தனி வகுப்புக்கு ஓர் அறையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். முதல் நாளே பெஞ்சு போதவில்லை.