கரடி கீறிய கை

என் இடது முழங்கைக்குக் கீழே நீளமாக ஓடும் இந்தத் தழும்பு, வெருகல் காட்டில் கரடி கீறியது. அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்து, காதுக்குள் நாலு தூஷணம் சொல்லித் துரத்திவிட்ட ஆள் நான்.

பொய். கீறியது தகரம். ஓர்ஸ் ஹில்லில் துறைமுகத்தில் எங்களை வேலை வாங்கும் ஓவசியர் ஐயாவின் வீட்டு வளவில் மாங்காய் பிடுங்கப் போய், மதிலிலிருந்து வழுக்கி, அவருடைய கோழிக்கூட்டின் மேல் விழுந்தேன். பள்ளிக்கூடத்தையே மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்த ஆள் நான். மதிலில் ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. வெளியே சாக்கோடு நின்றவன் என் கூட்டாளி. மறுநாள் துறைமுகத்தில் எல்லோரும் காயத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஓவசியரும் நின்றார். வாயில் கரடி வந்துவிட்டது.

"ஓம், நானும் பக்கத்தில நிண்டனான்" என்று கூட்டாளி முடித்து வைத்தான்.

கப்பலில் வரும் மூட்டையை இரண்டு பேர் தூக்கித்தான் மூன்றாமவன் முதுகில் ஏற்ற வேண்டும். மூட்டையின் மூலையைக் காது என்போம். ஒரு காது எனக்கு, மற்றக் காது அவனுக்கு. கரடிக் கதையையும் அப்படித்தான் ஆறு வருடம் தூக்கினோம். முதல் வருடம் நாய் அளவில் இருந்த கரடி, ஆறாம் வருடம் லொறிக்குள் அடங்காமல் போனது. ஆனால் கரடியை நான் தீப்பெட்டிப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. யாராவது ஒருநாள் அதன் மூக்கு எப்படி இருக்கும் என்று கேட்டுவிடுவானோ என்ற பயம் உள்ளே இருந்தது. ஒரே ஒரு தரம் உண்மையாகக் கண்டுவிட்டால், பொய்க்கு அத்திவாரம் போட்டுவிடலாம்.

பாலைப்பழக் காலத்தில் ஓவசியர் ஐயா லொறி பிடித்து, எங்கள் எல்லோரையும் ஆற்றங்கரைச் சரணாலயத்துக்குக் கூட்டிப் போனார். உச்சி வெயிலும் நிலத்தில் இறங்காத காடு. அதற்குள் கால் வைக்குமுன் கொப்பு முறித்து வாசல் மரத்தில் தொங்கவிட்டுக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கூட்டாளி இரண்டு கொப்புத் தொங்கவிட்டான்.

"ஒண்டு எனக்கு. மற்றது, உனக்குக் கரடியைக் காட்டச் சொல்லி" என்று காதுக்குள் சொன்னான்.

எனக்குக் கண் கலங்கியது. மடையனுக்கு அது சுலபமாகக் கலங்கும்.

அங்கே காவலுக்கு இருந்தவர் மூதூர் முஸ்லிம் அண்ணர் ஒருவர்; காக்கா என்போம். "பாலை மரத்துல தாயும் குட்டியும் நிக்கிது. ஜீப்புல ஆறு பேர்தான் போகலாம். வாயத் திறந்தா இறங்கி ஓடிரும்" என்றார்.

ஓவசியர் ஐந்து பேரைப் பிடித்து ஏற்றினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கட கரடிக்காரன் இல்லாமலோ? ஏறு."

ஜீப்பின் மிதிபலகையில் ஒரு கால் வைத்துவிட்டேன். பின்னால் கூட்டாளியின் குரல் கேட்டது.

"ஐயா, அவன் கண்டவன்தானே. கட்டிப்பிடிச்சுக் கதைச்சும் வந்தவன். பயத்தில கண்ணை மூடிக்கொண்டு நிண்ட எனக்கு அந்த இடத்தைத் தாங்கோவன்."

எல்லோரும் அது நியாயம் என்றார்கள். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். நான் காணவில்லை என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவன். அவனும் என்னை நேராகவே பார்த்தான்.

காலை எடுத்தேன்.

"போயிட்டு வா மச்சான். நான் சுகம் கேட்டதாச் சொல்லு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பகிடியைச் சொன்ன வாயில் பிறகு பாலைப்பழத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பழத்தின் பால் உதட்டில் ஒட்டியது.

ஜீப் திரும்பி வந்தது. கண்டிருக்கிறார்கள். தாய்க்கரடி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு மரத்தை விட்டு இறங்கியதாம். லொறி ஊருக்குத் திரும்பும்போது முழுக்க அந்தக் கதைதான். ஜீப்பில் போன, கப்பலில் பாரந்தூக்கி ஓட்டும் வின்ச்காரர் கரடியின் நகங்களை விரலால் அளந்து காட்டினார். அளந்த கை அப்படியே நின்றது. என் கையைப் பிடித்துத் திருப்பினார்.

"ஐஞ்சு நகமெல்லோ அதுக்கு. இதில ஒரு கீறுதானே கிடக்கு. மிச்சம் நாலும் எங்க?"

நான் கூட்டாளியைப் பார்த்தேன். ஆறு வருடப் பழக்கம். அந்த இடத்தில் அவன் வழமையாக ஓம் சொல்லுவான்.

"எனக்குத் தெரியாது. நான் அண்டைக்கு அங்க இல்லை" என்றான்.

தகரம் என்று சொன்னால் கோழிக்கூடு வரும். கோழிக்கூடு வந்தால் மாங்காய் வரும். மாங்காய்க்குச் சொந்தக்காரர் முன் ஆசனத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். சாக்குப் பிடித்தவனையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்க ஒரு சொல் போதும்.

"அது நொண்டிக் கரடி. நகமும் ஒண்டுதான்" என்றேன்.

இந்த முறை அவர்கள் சிரித்தது கதைக்கு இல்லை. அன்றிலிருந்து துறைமுகத்தில் என் பெயர் ஒற்றை நகம்.

துறை கடக்க லொறியை மிதவையில் ஏற்றியபோது அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"ஏன்டா அப்பிடிச் செய்தனி? கொப்பும் கட்டிப்போட்டு?"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஆறு வருசமா நான் காணாத ஒண்டுக்கு ஓம் சொன்னனான் மச்சான். ஒருக்கா எண்டாலும் கண்டதுக்குச் சொல்லுவமெண்டு பாத்தன்."

"அதுக்கு என்ர இடமே கிடைச்சுது?"

"வேற ஆரிட்ட நான் கேக்கிறது?"

அதற்கு நான் சொன்ன மறுமொழி இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். கையை ஓங்கிக்கொண்டு நான்...

படலைக்கு வெளியே சைக்கிள் மணி.

"ஒற்றை நகம், கப்பல் கட்டியாச்சு. கெதியா வா. மற்றக் காதைப் பிடிக்க ஆளில்லை."

அவன்தான். சட்டையை எங்கே வைத்தேன்?