5060 ஆம் போர்ட்டில் வந்த அழைப்பு

காலை 11.20. மண்கும்பானில் தவமணி அக்கா வீட்டு விறாந்தையில் ஏறியபோது முதலில் கண்டது, அலுமாரிக்குப் பக்கத்தில் மணி அடித்துக்கொண்டிருந்த இணையத் தொலைபேசி. திரையில் 1001 என்ற இலக்கம். அக்கா ரிசீவரை எடுத்து, மாடு கன்று போட்டதைச் சொன்னார். கிணற்றுக்கு வலை போட்டதைச் சொன்னார். இடையிடையே நிறுத்திக் காத்திருந்தார். மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"ஆரக்கா?"

"என்ர மகன் ரூபன். ஒவ்வொரு நாளும் எடுப்பான். கதைக்க மாட்டான்."

ரூபன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர்.

போன் திருத்த என்னை அழைத்தவர் கனடாவிலுள்ள மகள் வதனி. அக்காவுக்குப் பார்வை குறைவு, கைபேசி சரிவராது. அதனால் வாங்கிக்கொடுத்த இந்தப் போனில் அக்காவின் குரல் வதனிக்குக் கேட்டது. வதனியின் குரல் அக்காவுக்குக் கேட்கவில்லை.

இது எங்கள் தொழிலில் பழைய வருத்தம். வீட்டுக்குள் போனுக்கு இருக்கும் இணைய முகவரியை ரவுட்டர் வெளி முகவரியாக மாற்றும்போது, சிப் ஏ.எல்.ஜி. என்ற வசதி அழைப்புக்குள்ளும் கைவைத்துப் பிழையான முகவரியை எழுதிவிடும். வரும் குரல் வழிதவறும். அதை நிறுத்திவிட்டு வதனிக்கு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, கேக்குதோ?"

"கேக்குது பிள்ளை. ஏன் குரல் தடிச்சுப்போச்சு?"

"ஆறு மாசமாக் கத்தினா வேற என்ன நடக்கும்?"

அத்துடன் எழும்பியிருக்கலாம். ஆனால் முன்பு திருத்த வந்த யாரோ, இதே பிழையைத் தேடி, இணைய அழைப்புகள் வரும் வாசலான 5060 ஆம் போர்ட்டை உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டிருந்தார். அப்படித் திறந்த போன்களை, களவாக அழைப்பெடுக்க வழி பார்க்கும் மெஷின்கள் தேடித்தேடி அடிக்கும். பேச ஆள் இராது.

"அது மெஷின், அக்கா," என்றேன். அவர் நம்பவில்லை. நிரூபிக்க, வந்த அழைப்புகளை ரவுட்டர் பதிந்துவைக்கும் லொக்கைத் திறந்து வாசித்துக் காட்டினேன். வாடிக்கையாளருக்கு லொக்கைக் காட்டக்கூடாது என்று அன்றுதான் படித்தேன்.

"11.20க்கு வந்தது எங்கயிருந்து?"

"பிரான்ஸ்."

"அங்க எங்கட ஆக்கள் இருக்கினம்தானே?"

"ஓம்."

"அப்ப அவன் அங்க இருக்கேலாதோ?"

மெஷின்கள் நேரம் பார்ப்பதில்லை. மற்ற முகவரிகள் கண்டபடி வந்திருந்தன. அந்த ஒன்று மட்டும் லொக்கில் இருந்த எல்லா நாளும் 11.20க்கே வந்திருந்தது. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"பூட்டிவிடுங்கோ அண்ணை," என்றார் வதனி. "அம்மா என்னட்டச் சுகம் கேக்க மறந்தாலும் அந்த ஊமைக்குச் செய்தி சொல்ல மறக்கமாட்டா."

பூட்டினேன். லொக்கில் புதிதாக எதுவும் விழவில்லை. அக்கா ரிசீவரில் கை வைத்தபடி நின்றார்.

"அவன் போன நாளில இருந்து இந்த வீட்டுப் படலையை நான் பூட்டினதில்லைத் தம்பி. நீர் வந்து பூட்டிப்போட்டீர்."

ஸ்பீக்கரில் வதனி, "அண்ணை, அந்த ஒண்டுக்கு மட்டும் திறக்க ஏலுமோ?" என்று கேட்டார்.

ஏலும். பிரான்ஸ் முகவரியை லொக்கில் பார்த்து ரவுட்டரில் அடித்தேன். அனுமதிக்கு ஒரு பெயர் கொடுக்காமல் ரவுட்டர் சேமிக்காது.

"என்ன பேர் போட, அக்கா?"

அவர் சொன்ன பெயரை அடித்தேன். ரவுட்டர் அதைச் சேமித்தது.